ஜப்பானுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு: ஊர் சுற்றுவதும் அன்றன்றே எழுதி வைப்பதும்

பத்து இரவுகளில் எட்டு ஊர்கள் என்று நான் முதலில் போட்டிருந்த திட்டத்தை, டோக்கியோவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய என் அத்தை மகன் வாங்கிப் பார்த்தார். பேனாவை எடுத்து நாலு ஊர்களை அடித்துவிட்டு, டோக்கியோவுக்கு நாலு, கியோட்டோவுக்கு மூன்று, ஹிரோஷிமாவுக்கு ஒன்று, ஒசாகாவுக்கு இரண்டு என்று எழுதிக் கொடுத்தார். விடுதி மாறும் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டுவது, ஸ்டேஷனுக்குப் போவது, புதிய விடுதியைத் தேடுவது என்று அரை நாள் கரைந்துபோகும் என்பது அவர் சொன்ன காரணம். அவர் சொன்ன இன்னொரு யோசனை, ஒவ்வோர் இரவும் படுக்கும் முன்பு அன்றைய குறிப்பை எழுதி வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது. அந்தப் பத்துக் குறிப்புகளிலிருந்துதான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

நாட்களை வகுத்தல்

விமானச் சீட்டு எடுக்கும்போதே டோக்கியோவில் இறங்கி ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்புவதுபோல் எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற வழியே டோக்கியோவுக்குத் திரும்பி வரும் ஒரு நாளும் ஒரு பெரிய ரயில் கட்டணமும் இதனால் மிஞ்சும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை, ஆகஸ்ட் நடுப்பகுதி, புத்தாண்டை ஒட்டிய நாட்கள் ஆகிய மூன்று காலங்களிலும் உள்ளூர் மக்களே பெருந்திரளாகப் பயணம் செய்வதால், முதன்முறை போகிறவர்கள் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. ஜூன் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் புயல்கள் வந்து ரயில்களை நிறுத்தும். சகுரா என்னும் செர்ரிப் பூக்களுக்காகப் போகிறவர்கள் டோக்கியோவில் மார்ச் கடைசி வாரத்தைக் குறிவைக்கலாம்; ஆனால் பூ நம் சீட்டுத் தேதியைப் பார்த்துப் பூப்பதில்லை.

விசா கைக்கு வந்ததும், குடிவரவுக்கும் சுங்கத்துக்கும் உரிய விவரங்களை ஜப்பான் அரசின் ‘விசிட் ஜப்பான் வெப்’ தளத்தில் முன்கூட்டியே நிரப்பி, அது தரும் கியூஆர் குறியீட்டைச் சேமித்துக்கொண்டால் விமான நிலைய வரிசையில் நேரம் மிச்சமாகும். அங்கே மின்சாரம் 100 வோல்ட். இரண்டு தட்டை முள் கொண்ட பிளக். நம் ஊர் உருண்டை முள் அதில் நுழையாது என்பதால் அடாப்டர் ஒன்றை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

ரயில் கணக்கு

பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போகிறவர்கள் முதலில் ஏமாறும் இடம் ஜேஆர் பாஸ்: ஜப்பான் ரயில்வேயின் ரயில்களில் சில நாட்களுக்கு விருப்பம்போல் ஏறி இறங்க வெளிநாட்டுப் பயணிகள் வாங்கும் சீட்டு. ஏழு நாள் பாஸ் ஒரு காலத்தில் 29,650 யென். 2023 அக்டோபரில் அது 50,000 யென் ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ, அங்கிருந்து ஹிரோஷிமா, பிறகு ஒசாகா என்று நான் எடுத்த மூன்று ஷின்கான்சென் (அதிவேக ரயில்) சீட்டுகளையும் சேர்த்துக் கூட்டினாலும் 40,000 யென்னைத் தொடவில்லை. அதோடு, பாஸ் வைத்திருப்பவர் மிக வேகமான நோசோமி ரயிலில் ஏறத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஆகவே பாஸ் வாங்கும் முன்பு ஒரு தாளில் சீட்டுகளைத் தனித்தனியே எழுதிக் கூட்டிப் பாருங்கள்; நான்கு ஊர்ப் பயணத்துக்குத் தனிச்சீட்டே பெரும்பாலும் மலிவாக இருக்கும்.

டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஷின்கான்சென் 1964 அக்டோபர் 1 அன்று ஓடத் தொடங்கியது. இன்று அந்தத் தடத்தில் மூன்று வகை ரயில்கள் ஓடுகின்றன. நோசோமி முக்கிய ஸ்டேஷன்களில் மட்டும் நின்று இரண்டேகால் மணி நேரத்தில் கியோட்டோ சேர்கிறது. ஹிகாரி அதைவிடச் சற்றுக் கூடுதலான இடங்களில் நிற்கும். கொடாமா எல்லா ஸ்டேஷன்களிலும் நிற்கும் பாசஞ்சர். சீட்டு எடுக்கும்போது சாதாரணப் பெட்டியில் ‘இ’ வரிசை ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். ஒசாகா திசையில் போகும்போது ஃபூஜி மலை அந்தப் பக்கம்தான் வரும். டோக்கியோவை விட்டு நாற்பது நிமிடங்கள் ஆனதும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு வெளியே பாருங்கள். மேகம் இல்லாவிட்டால் ஷின்-ஃபூஜி ஸ்டேஷன் பக்கம் மலை முழுதாகத் தெரியும், சில நிமிடங்களில் போயும்விடும். எனக்கு அன்று அடிவாரம் மட்டுமே தெரிந்தது. குறிப்பிலும் அதைத்தான் எழுதினேன்: “ஃபூஜி, காலை 9.50, பாதி.”

நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேல் போகும் பெட்டியை இந்தத் தடத்தில் ஏற்ற, அதற்குரிய இருக்கையை முன்பதிவு செய்திருக்க வேண்டும். அதைவிட எளிய வழி தக்யூபின் என்னும் பெட்டி அனுப்பும் சேவை. விடுதி வரவேற்பறையிலோ கொன்பினி எனப்படும் 24 மணி நேரக் கடைகளிலோ பெட்டியை ஒப்படைத்தால், டோக்கியோவில் இன்று கொடுத்தது கியோட்டோ விடுதிக்குப் பொதுவாக மறுநாள் வந்துவிடும். கட்டணம் பெட்டியின் அளவையும் தூரத்தையும் பொறுத்தது. ஓர் இரவுக்கான துணியை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு வெறுங்கையோடு ரயிலேறும் சுகம் அந்தப் பணத்துக்குத் தகும்.

ஊருக்குள் போக்குவரத்து

இறங்கியவுடன் சுய்கா, பாஸ்மோ, இகோகா ஆகிய கட்டண அட்டைகளில் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். 2013 முதல் இவற்றில் எந்த அட்டையும் பெரிய நகரங்கள் எல்லாவற்றிலும் செல்லும். மெட்ரோ, பேருந்து, கொன்பினி, தண்ணீர் பாட்டில் இயந்திரம் என்று எல்லா இடத்திலும் ஒற்றி எடுக்கலாம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: டோக்கியோ வட்டாரத்தில் ஒற்றி உள்ளே நுழைந்து கியோட்டோ வட்டாரத்தில் ஒற்றி வெளியேற முடியாது. வட்டாரம் தாண்டும் பயணத்துக்குச் சீட்டு எடுத்தே ஆக வேண்டும்.

ஸ்டேஷனில் தெரிந்துகொள்ள வேண்டியது வாசல் எண்தான். ஷின்ஜுகு போன்ற ஸ்டேஷன்களில் வாசல்கள் இருநூறுக்கு மேல். “ஷின்ஜுகு ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன்” என்று ஒரு நண்பருக்குச் செய்தி அனுப்பிவிட்டு நான் நின்ற நாற்பது நிமிடமும் அவர் வேறொரு வாசலில் அதே செய்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெட்ரோ ஸ்டேஷன்களுக்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறி உண்டு. கின்சா தடத்தில் ஷிபுயா ஜி01, உயெனோ ஜி16, அசகுசா ஜி19. ஊர்ப் பெயரை வாசிக்கத் தெரியாவிட்டாலும் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தாலே சரியான திசையில் போகிறோமா என்பது தெரிந்துவிடும். நள்ளிரவை ஒட்டி ரயில்கள் நின்றுவிடுகின்றன. காலை ஐந்து மணிவாக்கில்தான் மீண்டும் தொடங்கும். நகரும் படிக்கட்டில் டோக்கியோவில் இடப்பக்கமும் ஒசாகாவில் வலப்பக்கமும் நிற்பது வழக்கம். ரயிலுக்குள் யாரும் போனில் பேசுவதில்லை. நாமும் பேசக் கூடாது. தெருவில் குப்பைத்தொட்டி கிடைப்பது அரிது என்பதால் பையில் ஒரு பிளாஸ்டிக் கவர் எப்போதும் இருக்கட்டும்.

சாப்பாடு, அதிலும் சைவம்

இந்தப் பகுதி நீளமாக இருப்பதற்கு நானே காரணம், நான் சைவம். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்னும் சாறு. கடற்பாசியோடு, காயவைத்துப் புகையூட்டிச் சீவிய சூரை மீனையும் இட்டுக் கொதிக்கவைத்து வடித்த நீர் அது. மிசோ சூப், உடோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகளின் சாறு, வேகவைத்த காய், சில நேரம் டோஃபுவின் மேல் ஊற்றும் சாறு என்று கண்ணுக்கு மீன் தெரியாத பண்டங்களிலும் அது இருக்கிறது. “இறைச்சி வேண்டாம்” என்று சொன்னால் மீன் வரும். “மீனும் வேண்டாம்” என்றால் தாஷி வரும். பாக்கெட்டில் விற்கும் ஜப்பானியக் கறிக்குழம்புக் கட்டிகளில் பெரும்பாலும் விலங்குக் கொழுப்பு சேர்ந்திருக்கும். ஆகவே மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: “நிகு தோ சகானா வ தபேமாசென்” என்றால் இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை, “தாஷி மோ தமே தெஸ்” என்றால் தாஷியும் கூடாது, “தாஷி வ ஹைத்தே இமாஸ் க” என்றால் தாஷி சேர்ந்திருக்கிறதா.

தமிழருக்கு இந்த வாக்கியங்கள் எளிதில் படிவதற்குக் காரணம் உண்டு. வினைச்சொல் கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபுபோல் ‘நி’, ‘வ’ என்று பெயருக்குப் பின்னால் ஒட்டு வருகிறது. நம் ‘ஆ’வைப் போல் ‘க’ என்று முடித்தால் கேள்வியாகிவிடுகிறது. “கியோட்டோ நி இகிமாஸ்” என்பதைச் சொல்லுக்குச் சொல் “கியோட்டோவுக்குப் போகிறேன்” என்று வைத்துப் பார்க்கலாம். இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, உணவகத்தில் இந்த வரிசை ஒற்றுமை கைகொடுக்கிறது.

அவசரப் பசிக்குக் கொன்பினியில் கிடைக்கும் ஒனிகிரி என்ற முக்கோணச் சோற்று உருண்டை போதும். உள்ளே உப்பில் ஊறிய ‘உமே’ என்ற பழம் வைத்ததைக் கேளுங்கள். வடுமாங்காயையும் நார்த்தங்காயையும் ஒன்றாகக் கடித்ததுபோன்ற புளிப்பு. ஆனால் வாங்கும் முன்பு உறையிலுள்ள சேர்மானப் பட்டியலைக் கைப்பேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவில் காட்டிப் பார்த்துவிடுங்கள், மீன் சுவை சேர்த்தவையும் உண்டு. உறையில் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். நுனியில் உள்ள 1-ஐப் பிடித்து நடுவாகக் கீழ்வரை கிழிக்க வேண்டும். பிறகு 2, 3 என்ற இரு மூலைகளையும் பக்கவாட்டில் இழுத்தால் பிளாஸ்டிக் இரண்டாகப் பிரிந்து வரும், அதுவரை சோற்றின் ஈரம் படாமல் தனியே இருந்த கடற்பாசித் தாள் மொறுமொறுப்பாகச் சோற்றைச் சுற்றிக்கொள்ளும். வரிசையை மாற்றி அவசரமாகப் பிரித்தவன் நான். பாசி உறையோடு போய்விட்டது, சோறு மட்டும் கையில் நின்றது.

நாலாம் நாள் நாக்கு செத்துப்போகும்போது ஒரு வழி இருக்கிறது. கொன்பினியில் சூடாக்கித் தின்னும் வெறுஞ்சோற்று டப்பாவும் சர்க்கரை சேர்க்காத தயிரும் கிடைக்கும். மைக்ரோவேவில் சூடாக்கவும் கடையிலேயே உதவுவார்கள். ஊரிலிருந்து கொண்டுபோன ஊறுகாய் பாக்கெட்டோடு அது தயிர்சாதம் ஆகிவிடும். பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி ஆகியவற்றை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள், சுங்கத்தில் சிக்கல். டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய வாழும் நிஷி-கசாய் பகுதியில் இந்திய உணவகங்களும் மளிகைக் கடைகளும் உண்டு. கியோட்டோவில் ஒரு வேளையாவது கோயில் மரபில் வந்த ‘ஷோஜின் ரியோரி’ என்ற சைவச் சாப்பாட்டுக்குப் பணம் ஒதுக்குங்கள். விலை கூடுதல்தான், முன்பதிவும் தேவைப்படலாம்.

எதைப் பார்ப்பது, எப்படிக் குறிப்பது

“அசகுசா போனோம், அருமை, நல்ல கூட்டம்” என்று முதல் இரவு நான் அனுப்பிய குறிப்பைப் படித்துவிட்டு, “இதைச் சென்னையிலிருந்தே எழுதியிருக்கலாமே” என்று என் தங்கை பதில் போட்டாள். மறுநாள் காலையில் மீண்டும் அங்கேயே போய், இப்படி எழுதினேன்: “அசகுசா, ஜி19, 1-ஆம் வாசல், காலை 7.10. நகமிசே கடைகள் இன்னும் திறக்கவில்லை. மூடிய ஷட்டர்களில் வரைந்திருக்கும் படங்களை இப்போதுதான் பார்க்க முடிகிறது. சென்சோஜி கோயில் வளாகத்துக்குக் கட்டணம் இல்லை. இங்கிருந்து பத்து நிமிட நடையில் மட்சுசியாமா ஷோடென்.” இரண்டாவது குறிப்பைப் பின்பற்றி இன்னொருவர் போய்வர முடியும். இடம், நேரம், வாசல், கட்டணம், கண்ணால் கண்ட ஒரு பொருள் ஆகிய ஐந்தும் இருக்கும்படி ஒவ்வொரு குறிப்பையும் எழுதுங்கள்.

அந்த மட்சுசியாமா ஷோடெனில் இருப்பவர் நம் பிள்ளையார். பௌத்தத்தோடு சீனம் வழியாகப் போய் அங்கே ‘ஷோடென்’ ஆனவர்; உருவம் யார் கண்ணிலும் படாமல் உள்ளே மறைவாக இருக்கிறது. கொழுக்கட்டைக்குப் பதில் வெள்ளை முள்ளங்கி படைக்கிறார்கள். கோயிலிலேயே முள்ளங்கி விற்கிறார்கள், கட்டடத்திலும் முள்ளங்கி வடிவங்கள் செதுக்கியிருக்கின்றன. உயெனோவின் ஷினோபாசு குளத்து நடுவில் கோயில் கொண்டிருக்கும் பென்சாய்தென் சரஸ்வதி. வழிகாட்டிப் புத்தகங்கள் இவற்றை ஒரு வரியில் கடந்துவிடும்; நமக்கு இவை அரை நாள் பெறும்.

நாராவுக்குக் கியோட்டோவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். காலையில் போய் மாலையில் திரும்பலாம். தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் சுமார் 15 மீட்டர் உயர வெண்கலச் சிலை. 752-இல் அதற்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அவர் கண் எழுதிய தூரிகையில் நீண்ட கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதன் மறுநுனியைப் பிடித்துக்கொண்டார்கள். நம் ஸ்தபதிகள் சிலைக்குக் கண் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பலமுறை தீயிலும் நிலநடுக்கத்திலும் சேதப்பட்டுச் சீரமைக்கப்பட்ட சிலை அது. இன்றுள்ள மண்டபம் 1709-இல் முடிந்தது. வெளியே மான்கள் பையிலிருக்கும் வரைபடத்தையும் தின்னும். சீட்டை உள்பையில் வையுங்கள்.

கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயிலுக்குக் காலை ஆறரைக்குள் போய்விடுங்கள். கட்டணமில்லை, எப்போதும் திறந்திருக்கும், கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து ஜேஆர் நாரா தடத்தில் இரண்டாவது ஸ்டேஷன் இனாரி. மலையேறும்போது ஆயிரக்கணக்கான செந்நிற வாயில்களின் வெறும் முதுகுதான் தெரியும். சற்று நின்று திரும்பிப் பாருங்கள்: வாயில் தூண்களில் கொடுத்தவர் பெயரும் நாளும் கறுப்பு எழுத்தில் மேலிருந்து கீழாக. நம் கோயில் டியூப்லைட்டில் ‘உபயம்’ எழுதுவதன் ஜப்பானிய வடிவம் இது என்று அன்றிரவு அனுப்பியபோதுதான் குழுவில் முதல்முறையாக எல்லோரும் பதில் போட்டார்கள். கியோட்டோவில் பேருந்துக்கு மட்டுமான ஒருநாள் சீட்டு இப்போது இல்லை. பேருந்தும் மெட்ரோவும் சேர்ந்த சீட்டு 1,100 யென். பழைய குறிப்புகள் இன்னும் முன்னதையே சொல்கின்றன. அதனால்தான் விலை எழுதும் இடத்தில் மாதமும் ஆண்டும் சேர்த்து எழுத வேண்டும்.

ஹிரோஷிமாவைப் பகல் பயணமாகச் சுருக்காதீர்கள். நினைவு அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்தபின் உடனே இன்னோர் இடத்தைப் பார்க்கும் மனநிலை இருக்காது. அணுகுண்டு விழுந்தது 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. நகரின் டிராம் தடத்தில் ஒரு பகுதி மூன்றே நாட்களில், ஆகஸ்ட் 9 அன்று, மீண்டும் ஓடியது. அன்று அடிபட்டுத் தப்பிய 651, 652 என்ற எண்ணுடைய டிராம்களை இன்றும் ஓட்டுகிறார்கள். அங்கே நான் படம் எதுவும் எடுக்கவில்லை. அன்றைய குறிப்பு மூன்று வரிதான்.

குறிப்பேடும் பகிர்வும்

பெரிய ஸ்டேஷன்களில் சீட்டு வாசலுக்கு அருகே அந்த ஊரின் படம் செதுக்கிய ரப்பர் முத்திரையும் மையும் வைத்திருப்பார்கள். இலவசம்; வெற்றுத்தாள் குறிப்பேடு ஒன்று வேண்டும். கோயில்களில் 300 முதல் 500 யென் வரை வாங்கிக்கொண்டு தூரிகையால் கோயில் பெயரும் நாளும் எழுதி முத்திரையிட்டுத் தரும் ‘கோஷுயின்’ வேறு; அது வழிபாட்டோடு சேர்ந்தது. அதற்குரிய தனி ஏட்டையே நீட்ட வேண்டும், எழுதும்போது பேசாமல் நிற்க வேண்டும். கடை ரசீதுகளையும் எறியாதீர்கள்: நாளும் நேரமும் அச்சாகியிருப்பதால், பின்னால் எழுதும்போது நினைவு தவறினாலும் ரசீது தவறாது.

படம் பகிரும்போது முன்பின் தெரியாதவர் முகம் தெளிவாகத் தெரியும் படங்களை ஒதுக்கிவிடுங்கள். அங்கே அதைத் தனியுரிமை மீறலாகவே கருதுகிறார்கள். கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று 2024-இல் பலகை வைத்தார்கள். கெய்ஷாக்கள் எனப்படும் மரபுக் கலைப் பெண்களைத் துரத்திப் படமெடுத்தவர்கள் தேடித் தந்தது அது. கன்னோன் என்ற பௌத்தத் தெய்வத்தின் 1,001 சிலைகள் இருக்கும் சன்ஜூசங்கென்டோ மண்டபத்துக்குள் படம் எடுக்கவே கூடாது. அங்கே கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, வெளியே வந்து படியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுங்கள். “ஜப்பானியர்கள் எல்லோரும் இப்படித்தான்” என்று தொடங்கும் வாக்கியத்தை முதல் வாரத்தில் எழுதவே வேண்டாம். ரயிலில் பார்த்த ஒருவரைப் பற்றி எழுதினால் அந்த ஒருவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் கன்சாய் விமான நிலையத்துக்குப் போகும் முன்பு சில்லறையை முடித்துவிடுங்கள், நம் ஊர் நாணய மாற்றுக் கடைகளில் நாணயங்களை வாங்குவதில்லை. கட்டண அட்டையில் மிஞ்சியதைக் கொன்பினியில் செலவழித்து, மீதியை நாணயமாகக் கொடுக்கலாம். நடுவில் ஓட்டையுள்ள பித்தளை நாணயத்தில் எண் இருக்காது, ஜப்பானிய எழுத்து மட்டுமே. அது ஐந்து யென். அதன் பெயரான ‘கோ-என்’ உறவு என்ற பொருள்படும் சொல்லைப் போலவே ஒலிப்பதால் கோயில் உண்டியலில் அதையே போடுகிறார்கள். என்னிடம் மிஞ்சிய இரண்டில் ஒன்றைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அதன் கீழே அடுத்த முறைக்கென அத்தை மகன் அடித்துவிட்ட நாலு ஊர்களின் பெயர்கள் இருக்கின்றன.